மாலைக்குக் காத்திருந்த நாப்பது நிமிஷம்

உக்காருங்க, உக்காருங்க. நான் வந்ததுக்காக யாரும் எழுந்திருக்க வேணாம். ரிட்டயர் ஆன ஆளுக்கு எதுக்கு இவ்ளோ மரியாதை? கடைசி வரிசையில ஃபோனை நோண்டிக்கினு இருக்கற தம்பி, நீங்க தாராளமா நோண்டுங்க, காதை மட்டும் கொஞ்சம் இந்தப் பக்கம் குடுங்க.

நாளன்னிக்கி தலைவர் பொறந்த நாள், லீவு. அதனால நாளைக்கே அவங்கவங்க ஆபீசுல படத்துக்கு மாலை போட்டு உறுதிமொழி எடுப்பீங்க. புதுசா வேலைக்கு வந்திருக்கீங்க, உங்களுக்கு அவரைப் பத்தி பத்து நிமிஷம் பேசணும்னு என்னைக் கூப்ட்டிருக்காங்க. பேர் சொல்ல வேண்டியதில்ல. கண்ணாடி, கோட்டு, கையில புத்தகம், நம்ம எல்லா ஆபீஸ் சுவத்துலயும் இருக்காரு. மனுசனை மனுசன் மட்டமா நடத்தக் கூடாதுன்னு வாழ்நாள் பூரா சண்டை போட்டவரு. அவர் பெருமையைப் பேச என்னைவிட நல்லா படிச்சவங்க நெறைய பேர் இருக்காங்க. நான் அவருக்கு வாங்கின ஒரு மாலையைப் பத்தி மட்டும்தான் பேசப்போறேன். பத்து நிமிஷத்துல முடியாது. டீ ஆறிப்போனா திட்டாதீங்க.

மொதல்ல நான் யாருன்னு சொல்லிடறேன். கள்ளக்குறிச்சிக்காரன். எங்க அத்தா பஜார்ல இரும்புக்கடை வெச்சிருந்தாரு. மம்முட்டி, கடப்பாரை, கொடுவா, ஆணி. கல்வராயன் மலைலருந்து எறங்கி வர்ற சனங்க புளியும் கடுக்காயும் வித்துட்டு எங்க கடைக்குத்தான் வருவாங்க. அத்தா ஒரு கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. எடையில ஒரு ஆணி கம்மியாப் போடமாட்டாரு. அஞ்சு வேளைத் தொழுகை தவறாத மனுசன். ஆனா அவர் கடையில ரெண்டு 'வா' இருந்துச்சி. கீழ்நாட்டு வெள்ளாமைக்காரர் படியேறுனா, "வாங்க, வாங்க, உக்காருங்க, டீ சொல்லவா?" மலையாளு படியேறுனா, "வா, இன்னா வேணும்?" அவருக்கு எழுவது வயசு இருந்தாலும் அதே வா தான். ஸ்டூல் காலியா இருந்தாலும் அவங்க நிப்பாங்க. யாரும் நிக்கச் சொல்லல. யாரும் உக்காரவும் சொல்லல.

அத்தாவுக்கு அது தப்புன்னே தெரியாது. எனக்கும் தெரியாது. பால் குடிச்ச நாள்லருந்து காதுல வுழுந்தது நாக்குல ஒட்டிக்கிச்சி. அந்த நாக்கோடதான் நான் கவர்மெண்டு வேலைக்கு வந்தேன்.

வேலை பாத்த ஆபீஸ் எதுன்னு கேக்காதீங்க. கீழ்நாட்டுல ஒரு ஆபீஸ், அவ்ளோதான். கூட இருந்தவங்க பாதிப் பேர் இப்ப பேரப்புள்ளைங்களை ஸ்கூலுக்குக் கூட்டிக்கினு போய்க்கினு இருக்காங்க, அவங்களைச் சந்தி சிரிக்க வெக்க மாட்டேன். தப்பு என்னுது. என் ஒருத்தனுது.

நான் அங்க செக்‌ஷன் தலைமையில இருந்தேன். மலைச்சனங்களோட சாதிச் சான்று என் மேசை வழியாத்தான் பெரிய ஐயா கையெழுத்துக்குப் போவும். இப்ப மாதிரி கம்ப்யூட்டர் கையெழுத்து கெடையாது. பேப்பர், பேனா, சீல். ஐயா கையெழுத்து போட்டா அது சான்று. போடலன்னா டைப் அடிச்ச வெறும் காகிதம்.

அதோட இன்னொரு வேலையும் நானா இழுத்துப் போட்டுக்கினேன். வருஷா வருஷம் தலைவர் பொறந்த நாள் விழா. படத்தைத் தொடைக்கறது, மாலை சொல்றது, லட்டு வாங்கறது, உறுதிமொழியை மொதல்ல நான் படிக்க மத்தவங்க பின்னால சொல்றது. நல்ல கொரல்னு பேரு எனக்கு. அதுல ஒரு பெருமை வேற. ஒரு பாய் தலைவர் விழாவை இவ்ளோ சிரத்தையா நடத்தறாருன்னு எல்லாரும் சொல்லுவாங்க. சொல்லச் சொல்ல நான் ரெண்டு அங்குலம் ஒசந்துடுவேன்.

முந்தின வருஷம் மாலை சின்னதாப் போச்சி. "மத்த தலைவருங்களுக்கு ஆளுயரம் போடறீங்க, எங்க தலைவருக்கு மட்டும் ரெண்டு மொழமா?"ன்னு சிலர் வந்து கேட்டுட்டாங்க. நியாயமான கேள்விதான். எனக்குச் சுருக்குன்னுச்சி. இந்த வருஷம் பாருடான்னு, உளுந்தூர்பேட்டையில தெரிஞ்ச பூக்காரர் ஒருத்தர்கிட்ட ஆளுயர ரோஜா மாலை சொன்னேன். காலையில கட்டி பஸ்ல ஏத்தி வுட்டுடுவாரு, பத்து மணிக்கெல்லாம் வந்துடும்னு ஏற்பாடு.

எங்க ஆபீசுல உதவியாளரா ஒரு அம்மா இருந்தாங்க. என்னைவிட பத்து வயசு சின்னவங்க. தலைவர் யாருக்காக ஜாஸ்தி அடி வாங்குனாரோ அந்தத் தெருவுலருந்து வந்தவங்க. ஆனா நான் பாத்த வரைக்கும் அவங்க ஒரு வருஷமும் மாலை போட வரல. ஒரு தடவை நானே கேட்டேன், "இன்னாம்மா, உங்க தலைவரு, நீங்களே வரலன்னா எப்டி?"

"நம்ம தலைவர்னு சொல்லுங்க சார்"னாங்க. "மாலை போட உள்ள இத்தினி பேர் இருக்கீங்க. வெளில நிக்கறவங்களுக்குத் தண்ணி குடுக்க நான் ஒருத்திதானே இருக்கேன்."

அவங்க வேலை அதான். வராண்டாவுல நிக்கற ஒவ்வொருத்தரையும், "வாங்க, எந்த ஊர்லருந்து வர்றீங்க, சாப்ட்டீங்களா?"ன்னு கேப்பாங்க. அழுக்கு வேட்டிக்கும் அதே 'ங்க', கஞ்சி போட்ட சட்டைக்கும் அதே 'ங்க'. ரெக்கார்டு ரூம்ல ஒடஞ்சி கெடக்கற பெஞ்சை ரிப்பேர் பண்ணி வராண்டாவுல போடலாம்னு என்கிட்ட ஆறு மாசமா சொல்லிக்கினு இருந்தாங்க. பாக்கலாம்மா, பாக்கலாம்மான்னு நான் தள்ளிக்கினே வந்தேன். ஆளுயர மாலைக்கு உளுந்தூர்பேட்டை வரைக்கும் ஏற்பாடு பண்ண எனக்கு, ஒரு பெஞ்சுக்கு ஆணி அடிக்க நேரம் கெடைக்கல. இரும்புக்கடைக்காரன் மவன் வேற.

சரி, அன்னிக்கிக்கு வரேன்.

காலையில ஒம்போதரைக்கு நான் ஆபீசுக்குப் போறேன், வராண்டாவுல ஒரு அப்பாவும் பொண்ணும் நிக்கறாங்க. அப்பா பேரு சடையன், வெள்ளிமலைக்கும் அந்தாண்ட ஒரு சின்ன ஊரு. பொண்ணு பேரு மலர். மலையிலருந்து மொத பஸ்ஸைப் புடிச்சி, கச்சிராயபாளையம் எறங்கி, பஸ் மாறி வந்திருக்காங்க. அந்தப் பொண்ணு கிராமத்து நர்ஸ் வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிடுச்சி. சென்னையில சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சாதிச் சான்று கையில இருக்கணும், இல்லன்னா அந்த எடம் அடுத்த ஆளுக்குப் போயிடும். சரிபார்ப்பு லீவு முடிஞ்ச மறுநாள் காலையில. அதாவது அன்னிக்கி வுட்டா ஆபீசே கெடையாது.

விசாரணை எல்லாம் முடிஞ்சி, சான்றை நானே முந்தின நாள் சாயங்காலம் டைப் அடிக்க வெச்சி, எழுத்துப்பிழை பாத்து, டிராயர்ல எடுத்து வெச்சிருந்தேன். நான் ஒண்ணும் இழுத்தடிக்கற ஆள் இல்ல, அதையும் சொல்லிக்கறேன். காலையில ஐயா வந்ததும் கையெழுத்து, பத்தரைக்கு அவங்க பஸ் ஏறிடலாம், இதான் கணக்கு.

"எங்க ஊருக்கு நர்சம்மா வந்தா ஒரு மாசம் தங்கறதில்லீங்க சார்"னு சடையன் சொன்னாரு. "மழைக்காலத்துல ஒருத்தரும் மேல வர்றதில்ல. எம்பொண்ணு எங்கியும் ஓடாதுங்க. அது பொறந்த ஊரு."

நான் சிரிச்சிக்கினே, "இரு, இரு, ஐயா வரட்டும்"னேன்.

இரு. அந்த வார்த்தையை ஞாபகத்துல வெச்சிக்கோங்க.

ஐயா பத்து மணிக்கு வந்தாரு. நல்ல மனுசன். கையெழுத்துக்குப் பேப்பரைத் தட்டுல வெச்சி நீட்டுனா ஒக்காந்த எடத்துல போட்டுக் குடுத்துடுவாரு. அன்னிக்கிப் பாத்து மாலையைக் காணோம். பூக்காரருக்கு ஃபோன் போட்டா, "பஸ்ல ஏத்தி எம்மா நேரம் ஆச்சி பாய், இன்னும் வரலியா?"ங்கறாரு. கண்டக்டர் நம்பரை வாங்கிப் போட்டா, எலவனாசூர்கோட்டைக்கிட்ட டயர் பஞ்சர், ஜாக்கி போட்டுக்கினு இருக்காங்களாம். யா அல்லா! எனக்கு வேர்த்துக் கொட்டுது. மாலை இல்லாம விழா ஆரம்பிக்க முடியுமா? போன வருஷம் கேட்டவங்க இந்த வருஷமும் வந்து வாசல்ல நிக்கறாங்க.

இதுல கரண்டு வேற போயிடுச்சி. ஐயா வராண்டாப் பக்கத்து ஜன்னல் திரையைத் தள்ளி வுட்டுட்டு, வெளிச்சத்துல பேப்பர் படிச்சிக்கினு உக்காந்திருக்காரு. விழா இருக்குன்னு அந்த நேரத்துக்கு வேற எதுவும் வெச்சிக்கல. சும்மாதான் உக்காந்திருக்காரு.

எனக்கு அந்த ரூம் பக்கம் போவவே பயம். போனா மாலை எங்கன்னு கேப்பாரே. டிராயர்ல சான்று இருக்கு. டிராயருக்கும் ஐயா மேசைக்கும் இருவது அடி தூரம் இருக்குமா? நான் ஃபோனைக் காதுல வெச்சிக்கினு வாசலுக்கும் கேட்டுக்கும் நடந்துக்கினு இருக்கேன். ரெண்டு தடவை அந்தப் பொண்ணைத் தாண்டித்தான் நடந்தேன். ரெண்டாவது தடவை அது, "சார், அந்தக் கையெழுத்து..."ன்னு மெதுவாக் கேட்டுச்சி.

"இரும்மா, பாக்கற இல்ல? விழா முடியட்டும், இரு!"

கத்தல. ஆனா அது அரை அடி பின்னால போயி செவுத்தோரமா நின்னுக்கிச்சி.

அப்பத்தான் ஐயா ரூம்ல பெல் அடிச்சாரு. அந்த உதவியாளர் அம்மா உள்ள போயிட்டு வெளில வந்தாங்க. "சார், ஐயா கேக்கறாரு. சும்மா உக்காந்திருக்கேன், கையெழுத்துக்கு எதுனா இருக்கான்னு."

பாருங்க. வாய்ப்பு தானா நடந்து என்கிட்ட வருது.

நான் இன்னா சொன்னேன்? "ஒண்ணுமில்லன்னு சொல்லிடு"ன்னேன்.

அந்தம்மா நகரல. வராண்டாவைத் திரும்பிப் பாத்தாங்க. "அந்த மலைப் பொண்ணோடது இருக்கே சார்."

"தட்டை எடுத்துக்கினு போனா மாலை எங்கன்னு புடிச்சிப்பாரு. மாலை வந்துடட்டும், ஒண்ணா முடிச்சிக்கலாம். நீ போயி ஒண்ணுமில்லன்னு சொல்லு."

"நீங்களே சொல்லிடுங்க சார்"னாங்க. "என் வாயால வராது."

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சி. ஒரு உதவியாளர் எனக்குப் பாடம் எடுக்கறதான்னு. வேகமாப் போயி ஐயா ரூம் வாசப்படியில நின்னு, கையைக் கட்டிக்கினு சொன்னேன், "கையெழுத்துக்கு ஒண்ணுமில்லீங்கய்யா."

"மாலை இன்னா ஆச்சி பாய்?"

"வந்துக்கினே இருக்குதுங்கய்யா. தோ வந்துடுதுங்க."

அவ்ளோதான். திட்டல, ஒண்ணும் பண்ணல. "சரி, மெதுவா வரட்டும்"னு மறுபடியும் பேப்பரைப் பிரிச்சிக்கினாரு. எந்தக் கேள்விக்குப் பயந்து ஓடுனேனோ, அது ஒரு நொடியில முடிஞ்சி போச்சி. அப்பவாவது திரும்பி இருவது அடி நடந்து டிராயரைத் தொறந்திருக்கலாம். என் கையில ஃபோன் அடிச்சிது. கண்டக்டர். பஸ் கெளம்பிடுச்சாம். நான் கேட்டுக்கு ஓடிட்டேன்.

இப்ப யோசிச்சா எனக்கே வெக்கமா இருக்கு. ஒரே நிமிஷத்துக்குள்ள என் வாயில எத்தினி 'ங்க' வந்துச்சி பாருங்க. இல்லீங்கய்யா, வந்துக்கினே இருக்குதுங்கய்யா, வந்துடுதுங்க. அத்தினியும் மேல பாத்துப் போச்சி. செவுத்தோரமா நின்ன பொண்ணுக்கு ஒண்ணுகூட மிஞ்சல.

பத்து நாப்பதுக்கு மாலை வந்துச்சி. அடேங்கப்பா, இன்னா மாலை! ரெண்டு பேர் தூக்கிக்கினு வந்தோம். ஹாலு பூரா ரோஜா வாசம். ஐயா மாலை போட்டாரு, போன வருஷம் கேட்டவங்க மொகத்துல சந்தோஷம், எனக்குப் போன உசுரு திரும்பி வந்துச்சி. நான் உறுதிமொழி அட்டையைக் கையில எடுத்து, தொண்டையைச் செருமிக்கினு ஆரம்பிச்சேன். சாதியால யாரும் ஒசந்தவங்க இல்ல தாழ்ந்தவங்க இல்ல, எல்லாரையும் சமமா நடத்துவோம், அந்த மாதிரி. நான் ஒரு வரி, எல்லாரும் ஒரு வரி.

பாதியில நிமிந்து பாக்கறேன். ஹால் கதவு தொறந்திருக்கு. வராண்டாவுல சடையன் நிக்கறான். தோள்ல இருந்த துண்டை எடுத்துக் கக்கத்துல வெச்சிக்கினு, வலது கையை நீட்டி, நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லிக்கினு இருக்கான்.

பாத்தீங்களா? நிக்கறான்னு சொல்லிட்டேன். இத்தினி வருஷம் கழிச்சி, இதைத் தப்புன்னு சொல்ல வந்த எடத்துலயே நாக்கு பழைய பக்கம் போவுது. நிக்கறாரு. சொல்லிக்கினு இருக்காரு. அவர்தான் சார், அன்னிக்கி அந்த ஆபீசுல உறுதிமொழியை மனசாரச் சொன்ன ஒரே ஆளு. நாங்க எல்லாம் படிச்சோம்.

அப்புறம் ஃபோட்டோ. மாலை முழுசா தெரியணும்னு நான்தான் எல்லாரையும் தள்ளித் தள்ளி நிக்க வெச்சேன். ஃபோட்டோ முடியறதுக்குள்ள ஐயாவுக்கு மேலிடத்துலருந்து ஃபோன், ஒடனே கெளம்பி வரச்சொல்லி. ஃபோனை வெச்ச வேகத்துல ஜீப்ல ஏறிட்டாரு. நான் லட்டு டப்பாவைப் பிரிச்சிக்கினு இருந்தேன். ஜீப் சத்தம் காதுல வுழுந்துச்சி, ஆனா மண்டைக்கு ஏறல.

லட்டை எல்லாருக்கும் குடுத்துட்டு வராண்டாவுக்கு வந்து அப்பாவுக்கும் பொண்ணுக்கும் ஆளுக்கு ஒண்ணு நீட்டுனேன். தாராள மனசு எனக்கு! சடையன் ரெண்டு கையாலயும் வாங்கிக்கினாரு. பொண்ணு வாங்கல. "விழா முடிஞ்சிடுச்சிங்களா சார்?"னு கேட்டுச்சி.

அப்பத்தான் அந்த ஜீப் சத்தம் மண்டைக்கு ஏறுச்சி.

அதுக்கப்புறம் நான் ஓடாத ஓட்டம் இல்ல. டிரைவருக்கு ஃபோன், எடுக்கல. ஐயாவுக்கு ஃபோன், ஆஃப். மீட்டிங்ல இருக்காரு, உள்ள ஆளை வுட மாட்டாங்க. மத்தியானம் சாப்பாடு எறங்கல. அஞ்சு மணிக்கு டிரைவர் கூப்ட்டு, ஐயா மீட்டிங் முடிஞ்சி அப்டியே லீவுக்கு ஊருக்குக் கெளம்பிட்டாரு, எந்த பஸ்ல ஏறுனாருன்னுகூடத் தெரியாதுன்னான். வேற ஆபீசர் போட முடியுமா? முடியாது, அவர் கையெழுத்துதான் செல்லும்.

சடையனும் பொண்ணும் காலையிலருந்து நின்ன எடத்துலயே இருந்தாங்க. பொழுது சாயுது. நான் ஒரு வெள்ளைத் தாள்ல, சான்று தயாரா இருக்கு, கையெழுத்து மட்டும் பாக்கின்னு ஒரு லெட்டர் எழுதி, என் கையெழுத்தைப் போட்டு சீல் குத்திக் குடுத்தேன். அது எதுக்கும் ஆவாதுன்னு எனக்குத் தெரியும். "இதைக் காட்டும்மா, ஒத்துப்பாங்க"ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். என் மூஞ்சியைக் காப்பாத்திக்கணுமே. "இன்னா பண்றது, ஐயாவுக்கு காலையிலருந்து மூச்சு வுட நேரமில்ல"ன்னு ஒரு பொய்யும் சேத்துச் சொன்னேன்.

அந்தப் பொண்ணு என்னை ஒரு பார்வை பாத்துச்சி. "சரிங்க சார்"னு லெட்டரை வாங்கிக்கினு போயிடுச்சி.

சென்னையில ஒத்துக்கல. யார் ஒத்துப்பாங்க? எடம் அடுத்த ஆளுக்குப் போயிடுச்சி. அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது வயசு தாண்டிடுச்சின்னு பின்னாடி கேள்விப்பட்டேன்.

ஒரு வாரம் கழிச்சி சடையன் மட்டும் வந்தாரு, சான்றை வாங்கிக்கினு போவ. இப்ப அதுல ஐயா கையெழுத்து ஜம்முன்னு இருக்கு. நான் தலையைத் தூக்காம ரிஜிஸ்டரைத் தள்ளுனேன். இவர் ரெண்டு வார்த்தை திட்டிட்டா தேவலன்னு இருந்துச்சி. அவர் கையெழுத்தைப் போட்டுட்டு, மேல படத்தைப் பாத்தாரு. மாலை காஞ்சி கருகி இன்னும் தொங்கிக்கினு இருந்துச்சி. "வுடுங்க சார். நல்ல காரியம்தானே நடந்துச்சி. தலைவருக்கு மாலை போட்டோம்"னாரு.

போட்டோம்னாரு. என்னையும் சேத்து. அன்னிக்கி வூட்டுக்குப் போயி நான் அழுதேன், ஏன்னு கேட்ட பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல.

அந்த உதவியாளர் அம்மா என்னை ஒரு வார்த்தை கேக்கல. ஆனா நான் 'ஒண்ணுமில்லீங்கய்யா'ன்னு சொன்னது அவங்களுக்குத் தெரியும். டீ கொண்டாந்து வெச்சா என் மூஞ்சியைப் பாக்காம வெப்பாங்க. மறு வாரமே நான் ரெக்கார்டு ரூம்லருந்து பெஞ்சை எடுத்துப் போட்டு, நானே சுத்தியும் ஆணியும் எடுத்துக்கினு வந்து ரிப்பேர் பண்ணேன். அவங்க வந்து ஒரு பக்கம் புடிச்சிக்கினாங்க. "இப்பவாவது போட்டீங்களே சார்"னாங்க. ஒரு பொண்ணோட வேலை போனதுக்கு ஒரு பெஞ்சு. நல்ல வேவாரம்தான்.

அன்னிலருந்து ரிட்டயர் ஆவற வரைக்கும் என் மேசைக்கு எதுர ஒரு நாற்காலி. வர்றவங்க யாரா இருந்தாலும், "வாங்க, உக்காருங்க." மொதல்ல நாக்கு மக்கர் பண்ணும். மலையாளுங்க உக்கார பயப்படுவாங்க, "பரவால்லீங்க சார், நிக்கறேன்"பாங்க. நான் எழுந்து நின்னுக்குவேன். அப்புறம் வேற வழியில்லாம உக்காருவாங்க. கேலி பண்ணாங்க கூட இருந்தவங்க, பாய் மலைக்கு மாப்ள ஆவப்போறாருன்னு. பண்ணட்டும்.

தம்பிங்களா, அம்மாடிங்களா, மாலை போட வேணாம்னு நான் சொல்லல. போடுங்க, பெருசாவே போடுங்க, அவர் அதுக்குத் தகுதியான மனுசன். ஆனா உறுதிமொழி அட்டையைக் கையில எடுக்கறதுக்கு முந்தி வராண்டாவுக்கு ஒரு நடை போயி, யார் நிக்கறாங்க, எதுக்கு நிக்கறாங்கன்னு பாத்துட்டு வாங்க. ஒரு கையெழுத்துல முடியறது இருந்தா முடிச்சிக் குடுத்துட்டு வந்து மாலை போடுங்க. தலைவரு காத்திருப்பாரு. அவருக்கு பஸ் கெடையாது.

இத்தோட முடிச்சிருக்கலாம். போன மாசம் வரைக்கும் இந்தக் கதை எனக்கு இதோட முடிஞ்சிருந்துச்சி.

நோன்புப் பெருநாளுக்குத் துணி எடுக்க நானும் என் பொண்டாட்டியும் கள்ளக்குறிச்சியில ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். மாடி ஏறி உள்ள போறோம், "வாங்க சார், வாங்கம்மா, உக்காருங்க"ன்னு ஒரு கொரல். கடைச் சேலை கட்டிக்கினு, காலையிலருந்து நின்னு கால் வீங்கிப்போன ஒரு பொம்பள, எங்களுக்கு ஸ்டூலை நகர்த்திப் போடுது. எனக்கு மொகத்தைப் பாத்ததும் தெரிஞ்சிடுச்சி. தோள்ல பேர் அட்டையும் குத்தியிருந்துச்சி. மலர்.

என் பொண்டாட்டி உக்காந்துக்கினு சேலையைப் பிரிச்சிப் பாக்க ஆரம்பிச்சிட்டா. நான் உக்காரல. "இன்னா, நிக்கறீங்க?"ன்னு அவ கேக்கறா. "உக்காருங்க சார்"னு அந்தப் பொண்ணு சொல்லுது. கடையில வேலை பாக்கறவங்களுக்கு உக்கார எடம் கெடையாது, நாள் பூரா நின்னுக்கினு எல்லாரையும் வாங்க, உக்காருங்கன்னு சொல்றதுதான் அதோட வேலை.

"என்னைத் தெரியுதாம்மா?"ன்னேன்.

"தெரியுதுங்க சார். பாய் சார்."

"அப்பா எப்டி இருக்காரு?"

"தவறிப்போயிட்டாரு சார். மூணு வருஷம் ஆவுது. நெஞ்சு வலின்னாரு. மழைக்காலம், கீழ கொண்டாற முடியல."

ஊர்ல நர்ஸ் இருந்தாங்களான்னு நான் கேக்கல. எப்டிக் கேப்பேன்?

இத்தினி வருஷமா நெஞ்சுல கெடந்ததை அங்கியே சொல்லிட்டேன். சுத்தி ஆளுங்க இருக்காங்கன்னுகூடப் பாக்கல. "அன்னிக்கி நான் உங்ககிட்ட பொய் சொன்னேம்மா. ஐயாவுக்கு நேரமில்லன்னேன் இல்ல? அவர் நாப்பது நிமிஷம் சும்மாதான் உக்காந்திருந்தாரு. கையெழுத்து இருக்கான்னு அவரே கேட்டாரு. நான்தான் இல்லன்னுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க."

அது கையில இருந்த சேலையை மடிச்சிக்கினே சொல்லுச்சி, "தெரியுங்க சார்."

"தெரியுமா?"

"ஜன்னல் தொறந்துதானே இருந்துச்சி. பேப்பர் படிச்சிக்கினு இருந்தாரு. நீங்க வாசப்படியில நின்னு சொன்னதும் கேட்டுச்சி. எங்கப்பாவும் கேட்டாரு."

எல்லாம் கேட்டுட்டு, அதுக்கப்புறம்தான் அந்த மனுசன் கையை நீட்டி நான் படிச்சதைத் திருப்பிச் சொன்னாரா? எல்லாம் தெரிஞ்சிதான் நல்ல காரியம் நடந்துச்சின்னாரா?

"அப்ப நேரா ஐயா ரூமுக்குள்ள போயிருக்கலாமேம்மா. ஜன்னல் வழியா ஒரு கொரல் குடுத்திருந்தாகூட அவர் போட்டுக் குடுத்திருப்பாரே. ஏம்மா கேக்கல?"

அது மடிச்ச சேலையை அடுக்குல வெச்சிட்டு என்னை நிமிந்து பாத்துச்சி. கோவமெல்லாம் இல்ல.

"நீங்க இருன்னீங்களே சார். அதான் இருந்தோம்."